அரிசிக்கு ஊர் சொன்ன பால்டோ

போனேர் தீவில் ரின்கோன் கிராமத்து உபால்டோ சிசிலியா ஐந்தே சொற்களில் ஐரோப்பாவைக் கவிழ்த்தவன். பன்னிரண்டு மந்திரிகள் நாற்காலியோடு சாய்ந்தார்கள், இத்தாலியில் கோயில் மணிகளை அடித்தார்கள், அரிசி ஏற்றிக்கொண்டு வந்த கப்பல்கள் நடுக்கடலில் அப்படியே நின்று திரும்பிப் போயின. சரி, மந்திரிகள் சாயவில்லை. மணியும் அடித்திருக்க மாட்டார்கள். கப்பலும் ஒன்றே ஒன்றுதான், அது சரக்கை ஒழுங்காக இறக்கிவிட்டுத்தான் போனது. ஆனால் ஐந்து சொற்கள் என்பது சத்தியம். எண்ணிப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரையும்விட அதிகம் எண்ணியவன் பால்டோதான். பதினோரு வருடம் எண்ணினான்.

அவனைப் புதைத்து இன்றோடு எட்டு நாள். எட்டாம் நாள் ஜெபம் முடிந்து, இரவல் வாங்கிய நாற்காலிகள் முற்றத்தில் வெயிலில் கிடக்கின்றன. ஹாலந்திலிருந்து வந்த மகள் மிரெல்வா அடுக்களையில் கோப்பைகளைக் கழுவுகிறாள். பாதிரியார் "உழைப்பாளி, நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். கழுதைக்குக்கூட அதைவிட நீளமாகச் சொல்லலாம். ஆகவே, முற்றத்தில் மிஞ்சியிருக்கிற உங்களுக்கு, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் நானே முழுதாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பால்டோ பதினேழு வயதில் பக்கத்துத் தீவான குராசாவுக்குப் போய் எண்ணெய்க் கப்பலில் ஏறினான். கடைசியாக இறங்கியபோது வயது ஐம்பத்து மூன்று. நடுவில் இருந்த முப்பத்தாறு வருடமும் வருடத்துக்கு ஒரு மாதம்தான் ஊர். மூன்று பிள்ளைகள் பிறந்தபோதும் அவன் ஏதோ ஒரு கடலில் இருந்தான். அவன் மனைவி ஒஃபேலியாவிடம் யாராவது "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டால், "எம்புருஷனா? அவரு தபால்ல வர்றவரு. சில வருஷம் ஒடஞ்சு வருவாரு" என்பாள். மூத்த மகன்கள் இருவரும் ஹாலந்துக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவன் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்த எட்டாம் மாதம் ஒஃபேலியா போய்ச் சேர்ந்தாள். முப்பத்தாறு வருடம் காத்திருந்தவளுக்கு, வந்தவனைப் பார்த்துக்கொண்டிருக்க எட்டு மாதம்தான் கிடைத்தது.

வீட்டில் மிஞ்சியது அவனும் கடைசிப் பெண் மிரெல்வாவும். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு. இருவரும் ஒரே சத்திரத்தில் தங்கிய இரண்டு பயணிகள் போல மரியாதையாக இருந்தார்கள். அவள் காலையில் காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுப்பாள். அவன் சர்க்கரை போடாமல் குடிக்கிறவன். அதைச் சொல்லத் தைரியம் வர அவனுக்கு இரண்டு மாதம் ஆனது. சொன்ன அன்று அவள், "ஏம்ப்பா, இத்தன நாளா விஷத்தக் குடிக்கிற மாதிரி குடிச்சீங்களே, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?" என்று சிரித்தாள். அப்பா என்று கூப்பிட்டுத் திட்ட ஒரு ஆள் இருக்கிறது என்பதை அவன் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வருடம்தான் கடற்கரையில் அரிசி ஆலை வந்தது.

போனேரில் நெல் விளையாது. நெல் என்ன, மழை பொய்த்த வருடத்தில் சின்னச் சோளமே வெட்கப்பட்டுக்கொண்டுதான் தலை நீட்டும். அப்புறம் அரிசி ஆலை எதற்கு? சங்கதி இதுதான்: இந்தத் தீவு ஹாலந்தின் கொடிக்குக் கீழே இருக்கிறது. ஹாலந்து ஐரோப்பாவின் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தீவு மட்டும் உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியில் நிற்கிறது. வாசற்படிக்காரர்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். தீவில் செய்த சரக்கு சுங்கம் கட்டாமல் ஐரோப்பாவுக்குள் போகலாம். ஒருகாலத்தில் அதே கொடிக்குக் கீழே இருந்த சுரினாமோ தனிநாடாகிப் போய்விட்டது. அங்கே விளைந்த அரிசி நேராகப் போனால் சுங்கம். அதே அரிசி உமி மட்டும் நீக்கிப் பழுப்பாகத் தீவில் இறங்கி, ஆலையில் தவிடு போகத் தீட்டி வெள்ளையாகக் கப்பலேறினால், காகிதத்தில் அது போனேர் அரிசி. நிறம் மாறியதும் ஊரும் மாறிவிடும். மனிதர்களுக்கு அந்த வசதி கிடையாது.

மிரெல்வாவுக்கு ஆலையின் அலுவலகத்தில் வேலை. கப்பல் காகிதங்களில் 'விளைவிடம்: போனேர்' என்று நாளெல்லாம் தட்டச்சு செய்வாள். பால்டோவுக்குக் கையில் குத்தூசி. வந்திறங்கும் மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்து, உள்ளங்கையில் கொட்டி, நொய் எத்தனை, கல் எத்தனை, ஈரம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவான். ஒரு அரிசியைக் கடித்த சத்தத்திலேயே ஈரம் சொல்லிவிடுவான் என்று ஊரில் பேச்சு. தவிடு எல்லாம் ஊர் ஆடுகளுக்குப் போனது. ஆடுகள் கொழுத்துப்போய் வேலியேறிக் குதிக்க முடியாமல் நின்றன. ஐந்து வருடம் அப்பனும் மகளும் ஒரே பழைய வண்டியில் காலையில் மேட்டைத் தாண்டி இறங்குவார்கள், மாலையில் ஏறுவார்கள். பால்டோவின் வாழ்க்கையில் வாழ்க்கை என்று சொல்லத்தக்கது அந்த ஐந்து வருடம்தான்.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நெல் போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? 'வாசற்படி வழியாக அரிசி வெள்ளம் வருகிறது, கதவைச் சாத்து' என்று கூச்சல் எழுந்தது. சலுகையை வெட்டிவிடப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. தீவின் அரசாங்கம் ஹேக் நகரத்திலிருந்து ஒரு வக்கீலைப் பிடித்தது. ஹாவெர்காம்ப் என்று பெயர். வெயிலில் நண்டு போலச் சிவந்துபோகும் நெட்டை ஆள். இரண்டு வருடமாக பிரஸ்ஸல்ஸ் நடைக்கூடங்களில் காத்துக்கிடந்து, மந்திரிகளின் குமாஸ்தாக்களுக்கு மதிய விருந்து வைத்து வைத்தே அவருக்குத் தொந்தி வந்துவிட்டதாகச் சொல்வார். கடைசியில் ஒரு வெற்றி கிடைத்தது. மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து ஆலையைப் பார்த்து அறிக்கை எழுதும். அறிக்கை நன்றாக இருந்தால் சலுகை பிழைக்கும்.

வக்கீல் ஆலைக்கு வந்து எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பால்டோவின் முன்னால் நின்றார்.

"சிசிலியா, அவங்க கேள்வி கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். அந்த முகத்துக்காகத்தான் உங்களத் தேர்ந்தெடுத்தேன்."

"மொகம் எங்கம்மாவோடது. அதுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லையே."

"பொய்யே இல்லங்க. சட்டம். இந்த அரிசி எந்த ஊர் அரிசின்னு கேப்பாங்க. 'போனேர் அரிசி, எங்க அரிசி'ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம்."

பால்டோ தலையாட்டினான். ஆட்டாமல் என்ன செய்வான்? அந்தப் பிப்ரவரி மாதத்தில்தான் ஒருநாள் வண்டியில் வரும்போது மிரெல்வா சாலையைப் பார்த்தபடியே சொல்லியிருந்தாள்: "ஆலை இருந்தா இருப்பேன்ப்பா. ஆலை போச்சுன்னா நான் இங்க என்ன பண்றது? கள்ளிய எண்ணவா? அண்ணன்மாரு கூப்புட்டுக்கிட்டேதான் இருக்காங்க." அவன் மேட்டில் வண்டியை இரண்டாம் கியருக்கு மாற்றினான். இரண்டாம் கியரில் அந்த மேடு ஏறாது. வண்டி நின்றேவிட்டது.

அதிலிருந்து பால்டோ ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான். ஆட்டைப் பார்த்து, "போனேர் அரிசி, எங்க அரிசி" என்பான். கள்ளிவேலியிடம் சொல்வான். கண்ணாடியில் சொல்லிப் பார்த்து, முகம் சரியில்லை என்று சவரம் செய்துகொண்டு மறுபடி சொல்வான். ரம் கடையில் வழுக்கைத்தலை சோன் பியார் விடுவானா?

"மச்சான், ஒன் போனேர் அரிசிக்கு எந்த மேட்டுல நாத்து நட்ட?"

"ஒன் தலையிலதான் மச்சான். ஊர்ல வேற வெறும் எடம் ஏது?"

கடையே சிரித்தது. பால்டோவும் சிரித்தான். ஆனால் அந்த வாரம் இரண்டு கிலோ இளைத்தான் என்று மிரெல்வாவே சொன்னாள்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? நாலு சொல்தானே என்று வெளியூர்க்காரன் கேட்பான். ரின்கோன்காரனுக்குத் தெரியும். இங்கே சோளம் அறுப்பது கூலிக்கு இல்லை. முதுகுக்கு முதுகு. இன்றைக்கு என் கொல்லையில் நீ குனிந்தால் நாளைக்கு உன் கொல்லையில் நான் குனிவேன். அதில் ஒரு வழக்கம் உண்டு. குனிந்தவன் எதிரில் நிற்கும்போது கொல்லைக்காரன்கூட 'என் சோளம்' என்று சொல்ல மாட்டான். ஒரு கை தானியத்தை அள்ளி அவன்முன் நீட்டி, "இது ஒன் முதுகு" என்பான். அவன் வாயைத் திறந்து "எடுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மூட்டை கட்டுவது. ஒருகாலத்தில் அதைச் செய்யாமல் மூட்டையைத் தூக்கிய ஒருவனுடைய குடும்பத்துக்கு 'முதுகு திருடி' என்று பெயர் வந்து, மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் பெண் எடுக்கிறவர்கள் யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். நான்கு தலைமுறை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் நான்காவது இன்னும் பிறக்கவில்லை.

மார்ச் மாதம் பால்டோவின் கொல்லையில் அறுப்பு நடந்தது. சங்கு ஊதி, ஆடிப் பாடி, சோளக்களியும் ஆட்டுக்கறிக் குழம்புமாக ஊரே சாப்பிட்டது. குனிந்த பதினேழு பேர் முன்னாலும் அவன் ஒவ்வொருவராக நின்று கையை நீட்டினான். பதினேழு "எடுத்துக்கோ" வாங்கினான். அது சனிக்கிழமை. குழு வந்தது அடுத்த புதன்கிழமை.

வக்கீல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். சுரினாம் கப்பல் வியாழக்கிழமை வரவேண்டும். வருகிறவர்கள் புதனன்று ஓடும் ஆலையையும் வெள்ளை அரிசியையும் பார்த்துவிட்டு மாலை விமானத்தில் போய்விடுவார்கள். இறங்குகிற பழுப்பு அரிசியை அவர்கள் கண்ணில் காட்டவே தேவையில்லை. ஆனால் கப்பல் செவ்வாய் மாலையே வந்து நின்றது. அதில் வந்தவர் ராம்லகன். சுரினாமின் நிக்கேரிப் பக்கத்தில் நெல் போடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தின் பெரியவர். வருடத்துக்கு ஒருமுறை சரக்கோடு தானும் வருவார். அந்த முறை அவருடைய மகளுக்குக் கல்யாணம், சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று கேப்டனைக் கெஞ்சி ஒருநாள் முன்னாலேயே கிளம்ப வைத்திருந்தார்.

"காத்திருக்கச் சொல்லுங்க! வெளிக்கடல்ல நிக்கட்டும்!" என்று வக்கீல் துறைமுகத்தில் கத்தினார்.

"காத்துக்கிட்ட சொல்லுங்க, அதுதான் இன்னும் ஒருநாள் முன்னாலயே தள்ளிக்கிட்டு வந்துச்சு," என்றான் துறைமுகக் காவலாளி.

ராம்லகனுக்கும் பால்டோவுக்கும் ஐந்து வருடச் சிநேகம். இவனுக்கு அவர் மாங்காய் ஊறுகாய் கொண்டுவருவார், அவருக்கு இவன் உப்புக்கண்டம் கொடுத்தனுப்புவான். மூட்டை மூட்டையாக நின்று நொய்யைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அவருக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் சேற்றில் நின்று நட்டதில் முதுகு கூனி, நிமிர்ந்து நடக்க முயன்றால் இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். அந்த முதுகை பால்டோ வருடா வருடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். தலைவி வெர்ஹெல்ஸ்ட் என்ற பெல்ஜியத்து அம்மாள். டச்சு பேசினாள், தணிவாகப் பேசினாள், எல்லாரிடமும் கை குலுக்கினாள். தீவில் பலருக்கு அவளைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிட்டது. ஆலை ஓடியது. வெள்ளை அரிசி அருவியாகக் கொட்டியது. வக்கீல் இயந்திரத்துக்கு இயந்திரம் நின்று, இது எவ்வளவு பெரிய வேலை, இதனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் போனது. கிடங்கு வாசலில்தான் அந்த அம்மாள் நின்றாள். உள்ளே, முந்தின மாலை இறங்கிய பழுப்பு அரிசி மூட்டைகளுக்கு நடுவே, குத்தூசியோடு பால்டோ. பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ராம்லகன்.

"நீங்கள்தான் அரிசியைச் சோதிக்கிறவரா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கம்மா."

"காட்டுங்களேன்."

பால்டோ குத்தூசியைச் செருகினான். உள்ளங்கையில் அரிசி வந்து விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பின்னால் வக்கீல் அவன் முகத்தைப் பார்த்துக் கண்ணால் தைரியம் சொன்னார். அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிரெல்வா தட்டச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"இது யாருடைய அரிசி?"

'போனேர் அரிசி' நாக்கின் நுனியில் இருந்தது. ஆட்டிடம், வேலியிடம், கண்ணாடியிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். அதைச் சொல்ல அவனும் தயார். ஆனால் குனிந்தவன் எதிரில் நிற்கிறானே! பால்டோவின் கை தானாகவே நகர்ந்தது. உள்ளங்கை அரிசியை ராம்லகன் முன்னால் நீட்டினான். நீட்டிக்கொண்டு காத்திருந்தான். 'எடுத்துக்கோ' என்று ஒரே ஒரு சொல் அவர் சொல்லிவிட்டால் போதும். இருவருக்கும் பிழைப்பு, சட்டத்துக்கும் திருப்தி.

ராம்லகன் நிக்கேரிக்காரர். ரின்கோன் வழக்கம் அவருக்கு என்ன தெரியும்? அரிசியைக் காட்டுகிறான் என்று நினைத்து, நல்ல சரக்கு என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை.

பால்டோ இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். அந்த அம்மாளும் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"இவரோட அரிசி. நாங்க தவிடுதான் எடுக்குறோம்."

அவ்வளவுதான். ஐந்து சொல்.

அவள் "நன்றி" என்றாள். சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். வக்கீல் ஓடிவந்து, "அவர் சொல்வது தொழில்நுட்பமான அர்த்தத்தில்..." என்று ஆரம்பித்து, தவிடு எடுப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பத்து நிமிடம் பேசினார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிரெல்வா உட்கார்ந்துவிட்டாள்.

குழு போன பிறகு ராம்லகன் நடந்ததைப் புரிந்துகொண்டபோது தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடப் பைத்தியக்காரா! அது போனேர் அரிசின்னு நீ சொன்னாத்தானே என் அரிசி விக்கும்! அதுக்குத்தானே நாலு நாள் கடல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வர்றேன்!"

"கைய நீட்டினேனே அண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"என்ன சொல்லணும்?"

"எடுத்துக்கோன்னு."

ராம்லகன் தொப்பியால் தரையில் அடித்தார். "நேத்து சொல்லிக் குடுத்திருந்தா நூறு தடவ சொல்லியிருப்பேனேடா. மக கல்யாணத்துக்கு நடுவுல நின்னு கத்தியிருப்பேனே," என்றார். கல்யாணம் நடந்தது. அதன்பிறகு அவர் சரக்கோடு வரவில்லை.

அறிக்கை வந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி: 'ஆலையின் தொழிலாளர் ஒருவரே சரக்கு தம்முடையதல்ல என்றும், தவிடு நீக்குவது மட்டுமே தம் வேலை என்றும் தெரிவித்தார்.' அதைத் தொடர்ந்து சலுகைக்கு அளவு வைத்தார்கள். இத்தனை டன்னுக்கு மேல் கூடாது. அந்த அளவு ஆலைக்கு ஒரு மாதத் தீனி. கப்பல்கள் குறைந்தன, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று, பிறகு எப்போதாவது. ஆகஸ்டில் சத்தம் நின்றது. ஐந்து வருடம் இரைந்துகொண்டிருந்த இடம் அமைதியானபோது கடலோரத்து நாய்கள்கூடக் கொஞ்ச நாள் தூங்க முடியாமல் திரிந்தன. தவிடு போய் ஆடுகளுக்கு எலும்பு தெரிந்தது. ஊர் பால்டோவை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரம் கடையில் அவன் நுழைந்தால் பேச்சு மாறும், அவ்வளவுதான். சோன் பியார்கூட அதன்பிறகு அவனைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தண்டனை.

செப்டம்பரில் மிரெல்வா போனாள். ஹாலந்தில் டில்பர்க் ஊரில் அண்ணன் வீடு. விமான நிலையத்தில் பெட்டியை பால்டோ தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், தள்ளுவண்டியில் வைக்க விடவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "எல்லாம் என்னாலதான்மா" என்றான். "விடுங்கப்பா" என்றாள். அவள் படியேறி உள்ளே போகும்வரை நின்றான். விமானம் மேகத்துக்குள் போனபிறகும் நின்றான். ஓடுபாதையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் அவனை நகரச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து அவன் செய்ததை வேறு எவனும் செய்திருக்க மாட்டான். வக்கீல் ஊரைவிட்டுப் போன பிறகு, அவன் தனியாளாக ஐரோப்பாவோடு பேச்சுவார்த்தை நடத்தத் தொடங்கினான். வெர்ஹெல்ஸ்ட் அம்மாளுக்குக் கடிதம். பள்ளிக்கூடத்து டச்சில், தடுமாறித் தடுமாறி. 'அம்மா, நான் சொன்னது தவறு. அந்த அரிசி எங்களுடையதும்தான். ஐந்து வருடம் மூட்டை தூக்கியதில் என் முதுகும் குனிந்தது. அதை அன்றைக்குச் சொல்ல மறந்தேன். திருத்திக்கொள்ளுங்கள்.' பதிலாக, கடிதம் கிடைத்தது என்று அச்சிட்ட ஒரு அட்டை வந்தது. மறுபடி எழுதினான். மறுபடி அட்டை. நான்காவதுக்கு அட்டையும் வரவில்லை, ஆனால் ஐந்தாவதை எழுதினான். தபால்காரன், "பால்டோ மாமா, இந்த அம்மா ஒங்களுக்கு அத்தைப் பொண்ணா?" என்று கேட்டான். பால்டோ சிரிக்கவில்லை.

வக்கீலிடமிருந்து ஒருமுறை கடிதம் வந்தது. இப்படி எழுதியிருந்தார்: 'சிசிலியா, நீங்கள் மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். முடிவு பெரிய நாடுகளுக்கு இடையில் பேசி எடுத்தது. நீங்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் சொல் எதையும் மாற்றவில்லை.' அதைப் படித்துவிட்டு பால்டோ, "நல்ல மனுஷன், ஆறுதலுக்குச் சொல்றாரு" என்று மடித்துப் பெட்டிக்குள் போட்டான். நம்பவில்லை. நம்பினால், முதுகு ஒடிய இவ்வளவு வருடம் சுமந்ததற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும்.

பதினோரு வருடம் அந்த வீட்டில் தனியாக இருந்தான். மழை வந்த வருடங்களில் சோளம் போட்டான். அறுப்புக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வருடம் மூன்று பேர்தான் குனிந்தார்கள், அதில் ஒருவருக்குக் கண் தெரியாது. ஞாயிறுதோறும் டில்பர்க்கிலிருந்து போன் வரும். வானிலை, உடம்பு, சாப்பாடு எல்லாம் பேசி, கடைசியில் "என்னாலதான்மா நீ அங்க கிடக்குற" என்பான். போனை வைத்துவிடுவான். பிறகு முற்றத்தில் போய் நின்று, யாரும் இல்லாத பக்கம் பார்த்து, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். இதில் மட்டும் ஒரு சொல்கூட மிகை கிடையாது. சாகும்போது மருத்துவமனைத் தாதியிடம் அவன் கடைசியாகக் கேட்டது, ஹாலந்துக்குத் தபால் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்பது. ஐந்து சொல்லால் ஆலையையும் மகளையும் ஒரே நாளில் இழந்தவன் உபால்டோ சிசிலியா. அவனுக்கு இளைப்பாறுதல் கிடைக்கட்டும்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. மிரெல்வா ஈரக்கையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு மட்டும் தப்பு," என்றாள். "ஆலைய இழந்தாரு, சரி. என்னைய இழந்தது அன்னைக்கி இல்ல. அந்தம்மா வந்தது மார்ச்சுல. நான் செப்டம்பருக்கு டிக்கெட் வாங்குனது ஜனவரியில. ஆலை ஓடியிருந்தாலும் போயிருப்பேன். வண்டியில 'ஆலை இருந்தா இருப்பேன்'னு சொன்னப்போ டிக்கெட் என் பையிலதான் இருந்துச்சு."

அவள் முற்றத்தில் இறங்கி, இரவல் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள்.

"அவரு நல்லவர்தான். ஆனா எனக்கு இருபத்தோரு வயசு வரைக்கும் அப்பான்னு ஒருத்தர் இல்ல. பெறகு வந்து, நான் வெளிய போனா எப்ப வருவேன்னு வாசல்லயே நிப்பாரு. மூச்சு முட்டுச்சு டீச்சர். அத எப்படிச் சொல்றது? ஆலை மேல பழியப் போடறது சுலபமா இருந்துச்சு. அவரு அதையும் எடுத்துத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம 'என்னாலதான்'னு சொல்வாரு. பதினோரு வருஷமும் நான் 'விடுங்கப்பா'ன்னுதான் சொன்னேன். இல்லைன்னு ஒருநாளும் சொல்லல."